உப்பில்லாக் கீரை

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியது. எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டித் தீர்த்தது. பெருமுக்கலில் எங்கள் வீட்டுப் பரண் ஒழுகி, மேலே இருந்த தகரப்பெட்டி நனைந்துவிட்டது. வெள்ளம் வடிந்த பிறகு இறக்கித் திறந்தேன். பள்ளிச் சான்றிதழ்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மா அவற்றை பிளாஸ்டிக் உறையில் போட்டு முடிந்து வைத்திருந்தாள். உறையில்லாமல் கிடந்தவை கேசட்டுகள். முப்பதுக்கு மேல் இருக்கும். நாடா எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது.

அவற்றில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் பதிந்து வாங்கியவை. திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு எதிரே அப்போது ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. கோடு போட்ட தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டு வரவேண்டும். அறுபதா, தொண்ணூறா என்று கேட்பார். இரண்டு நாள் கழித்துப் போனால் கேசட் தயாராக இருக்கும், உறையில் அவருடைய குண்டு குண்டான கையெழுத்தில் பாட்டுப் பட்டியலோடு. ஒரு பக்கம் முடியும் இடத்தில் இரண்டு நிமிடம் மிஞ்சினால், தனக்குப் பிடித்த பாட்டு ஒன்றை எடுத்து நிரப்பிவிடுவார். அது பாதியில் அறுந்து போகும். அந்தப் பாதிப் பாட்டுகளின் மறுபாதியை நான் பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் கேட்டேன். கடைக்காரருக்குக் கூலி கிடைத்தது, கேசட் கம்பெனிக்கு விலை கிடைத்தது. பாடினவருக்கும் மெட்டமைத்தவருக்கும் அதில் காலணா போகவில்லை என்பது அன்று எனக்கு உறைக்கவே இல்லை.

'ஒரிஜினல்' என்று கடையில் காசு கொடுத்து வாங்கியது ஒன்றே ஒன்று. இந்தியன் ஓஷன் என்ற குழுவின் 'கந்தீசா'. 2000-ல் டைம்ஸ் மியூசிக் வெளியிட்டது. புதுச்சேரியில் படித்துக்கொண்டிருந்தேன். விடுதியில் பக்கத்து அறைக் கேரள நண்பன் ஒருநாள் அதை ஓடவிட்டான். தலைப்புப் பாடல் கேரளத்து சிரியன் கிறித்தவர்கள் பாடிவரும் அரமேய மொழி வழிபாட்டுப் பாடல். "எங்க பள்ளியில பாடறதுதாண்டா" என்றான். கூடவே கிடாரும் தபலாவும் டிரம்ஸும். இது என்ன வகை இசை என்று கேட்டேன். "ராக்" என்றான். பெருமுக்கல்காரனுக்கு ராக் என்றால் ஊர் நடுவில் நிற்கும் மலைதான். உச்சியில் ஈசுவரன் கோயில், குகையில் பழங்காலத்து ஆட்கள் பாறையில் கீறி வைத்த உருவங்கள், சுற்றிலும் கல் குவாரி. அடுத்த வாரமே அந்தக் கேசட்டை வாங்கினேன். மரக்காணம் உப்பளத்தில் என் பெரியப்பா ஒரு நாள் முழுக்க வெயிலில் நின்று உப்பு வாரி வாங்கும் கூலிக்குக் குறையாத விலை. வீட்டில் சொல்லவில்லை.

அந்தக் குழு ஒரு ஆல்பம் போடப் பட்ட பாட்டைத் தெரிந்துகொண்டது பிற்பாடு. தில்லியில் 1990-ல் சுஷ்மித் சென்னும் அசீம் சக்கரவர்த்தியும் தொடங்கினார்கள். சுஷ்மித் கிடார் வாசிப்பவர். அசீம் தபலாவைத் தட்டிக்கொண்டே பாடுபவர். இரண்டையும் ஒரே ஆள் செய்வது எவ்வளவு கடினம் என்று தபலாக்காரரைக் கேட்டால் தெரியும். மாதிரிப் பதிவு ஒன்று செய்து கம்பெனிகளுக்குக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். கையில் பணம் இல்லை. சுஷ்மித் தன் எலக்ட்ரிக் கிடாரை விற்றுத்தான் அந்தப் பதிவுக்குப் பணம் புரட்டினார். உழவன் மாட்டை விற்று விதைநெல் வாங்கிய கதை.

அதற்குப் பிறகு எச்.எம்.வி. இசைந்தது. நாய் குழாய்க்கு முன் உட்கார்ந்து கேட்குமே, அந்த எச்.எம்.வி. 1992-ல் பதிவு, 1993-ல் வெளியீடு. ஓர் ஆண்டு எங்கே போயிற்று என்று இன்றைய பையன்கள் கேட்பார்கள். நாடாவில் பதிந்ததைக் கலந்து சரிசெய்ய வேண்டும். அட்டைப்படம் அச்சாக வேண்டும். கம்பெனியின் வரிசையில் முறை வர வேண்டும். ஊர் ஊராக இருக்கும் விநியோகஸ்தர்கள் எத்தனை பெட்டி வேண்டும் என்று சொல்ல வேண்டும். சினிமாப் பாட்டுக்கு இந்த வரிசை கிடையாது. 1992 ஆகஸ்டில் 'ரோஜா' வந்தபோது எங்கள் பக்கத்து டீக்கடை ஒன்று விடாமல் அதுதான் ஓடியது. யாரும் கேட்டிராத நாலு தில்லிக்காரர்களின் இசைக்கு எந்த விநியோகஸ்தர் பெட்டி கேட்பார்?

ஸ்டுடியோவுக்கு மணிக்கணக்கில் வாடகை. ஒருவர் பிசகினால் எல்லாருடைய பணமும் ஓடும். அதனால் பாட்டை உள்ளே போய்த் தேடிக்கொண்டிருக்க முடியாது. வெளியிலேயே, மேடையிலேயே பழுக்க வைத்துக்கொண்டு போக வேண்டும். இந்தியன் ஓஷனின் இரண்டாவது ஆல்பத்துக்கு ஸ்டுடியோவே கிடையாது. 1997 புத்தாண்டு நாளில் தெருநாடகக் கலைஞர் சஃப்தர் ஹாஷ்மி நினைவாகத் தில்லியில் நடந்த நிகழ்ச்சியில் வாசித்ததை அப்படியே பதிவு செய்தார்கள். அதுதான் 'டெசர்ட் ரெய்ன்'. அதற்குள் ராகுல் ராம் பேஸ் கிடாரோடு வந்து சேர்ந்திருந்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், நர்மதை அணை எதிர்ப்புப் போராட்டத்தில் நின்றவர். நர்மதையைப் பாடும் 'மா ரேவா' என்ற பாட்டு அந்த வழியாகத்தான் குழுவுக்குள் வந்தது. அமித் கிலாம் 1994-ல் டிரம்ஸுக்கு வந்தார். இந்த நால்வரும் ஆண்டுக்கணக்கில் மேடையில் வாசித்து வாசித்துத் தேய்த்த ஏழு பாட்டுகள்தான் 'கந்தீசா'. அந்தக் கேசட்டை நான் தேயத் தேயக் கேட்டேன். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, அதே வரிசையில். நடுவில் ஒன்றைத் தள்ளிவிட வேண்டுமென்றால் பொத்தானை அழுத்திக் குத்துமதிப்பாக ஓட்ட வேண்டும். அந்தச் சோம்பலுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். முதல் பத்து முறை பிடிக்காத ஒரு பாட்டு பதினோராவது முறை பிடித்துப்போனது அதனால்தான்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கொஞ்சம் என்றால் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு மேல்.

எங்கள் ஊர் இருக்கும் மண்ணுக்குப் பழைய பெயர் ஓய்மாநாடு. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை இந்த நாட்டையும் இதை ஆண்ட நல்லியக்கோடனையும் பாடுவது. 269 அடி. பாடியவர் நத்தத்தனார், மரக்காணத்துக்கு வடக்கே கடலோரமாக நீளும் இடைக்கழிநாட்டுக்காரர். சிறிய யாழ் வைத்திருக்கும் பாணன் ஒருவன் நல்லியக்கோடனிடம் பரிசில் வாங்கிக்கொண்டு வருகிறான். எதிரே பசியோடு வரும் இன்னொரு பாணனிடம், எயிற்பட்டினம் வழியாகப் போ, வேலூர் போ, ஆமூர் போ, கிடங்கிலை அடை என்று வழி சொல்கிறான். எயிற்பட்டினத்தை மரக்காணம் என்கிறார்கள். வேலூரை உப்புவேலூர் என்கிறார்கள். கிடங்கில் இன்றும் திண்டிவனத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. எங்கே சுட்ட மீன் கிடைக்கும், எங்கே நண்டோடு சோறு கிடைக்கும் என்பதுவரை அதில் உண்டு. கச்சேரிக்குப் போகும் வழியில் சாப்பாட்டுக்கு எங்கே வண்டியை நிறுத்தலாம் என்று இன்றைய குழுக்கள் பேசிக்கொள்வதைக் கேட்டவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது.

ஆனால் அந்தப் பாட்டில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட இடம் வேறு. பரிசில் கிடைப்பதற்கு முன் தன் வீடு எப்படி இருந்தது என்று பாணன் சொல்கிறான். அடுக்களையில் ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறது. கண் திறக்காத குட்டிகள் பாலில்லாத மடியை இழுக்க, வலி பொறுக்காமல் அது குரைக்கிறது. பாணன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி வந்து, உப்பில்லாமல் வேகவைத்து, யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று வாசலை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு சேர்ந்து தின்கிறாள். உப்பு விளையும் கரையை நோக்கிப் போகும் பாட்டில், பாடுகிறவன் வீட்டுச் சட்டியில் உப்பு இல்லை. நத்தத்தனார் தெரிந்துதான் வைத்தாரா என்று எனக்குத் தெரியாது. உப்பளக்காரன் வீட்டுப் பிள்ளை படித்தால் அது கண்ணில் படாமல் போகாது.

பாணன் வீட்டு நாய்க்கும் எச்.எம்.வி. நாய்க்கும் நடுவில் இசைக்காரன் பிழைப்பு எவ்வளவு மாறியது? கம்பெனி ராயல்டி என்று ஒன்று தரும், செலவு கழிந்த பிறகு. செலவு எப்போது கழிந்தது என்று சொல்ல வேண்டியதும் கம்பெனிதான். இந்த நாட்டில் குழுக்கள் பிழைத்தது மேடையில் வாங்கிய பணத்தில். கேசட் அந்த மேடைக்கு அழைப்பு வரவழைக்கும் விளம்பரம் போலத்தான் இருந்தது.

அதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்ட ஆண்டு 2010 என்பேன். உலகத்தில் அதற்கு முன்னோடி உண்டு. இங்கிலாந்தின் ரேடியோஹெட் குழு 2007 அக்டோபரில் 'இன் ரெயின்போஸ்' ஆல்பத்தைத் தன் தளத்திலேயே போட்டு, விலையை வாங்குபவரே எழுதிக்கொள்ளலாம் என்றது. சுழியம் என்று எழுதினாலும் பாட்டு வந்தது. இந்தியன் ஓஷன் இன்னும் ஒரு படி போனது. 2009 கிறிஸ்துமஸ் அன்று அசீம் சக்கரவர்த்தி இறந்துபோனார். அவர் குரல் இருந்த பதிவுகளை வைத்து அடுத்த ஆண்டு '16/330 கஜூர் ரோடு' வந்தது. தில்லி கரோல் பாக்கில் அவர்கள் ஆண்டுக்கணக்காக ஒத்திகை பார்த்த பழைய பங்களாவின் கதவிலக்கம் அது. மாதத்துக்கு ஒரு பாட்டாக இணையத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள். ஏழு பாட்டுக்கு ஏழு மாதம். தொடர்கதை மாதிரி. திண்டிவனத்தில் ஒரு நெட் சென்டரில் உட்கார்ந்து நான் ஒவ்வொன்றாக இறக்கினேன்.

உண்மையைச் சொன்னால் 'கந்தீசா'வோடு அது எனக்கு ஒட்டவில்லை. பாட்டுகள் குறைந்தவை என்று சொல்ல மாட்டேன். மாதம் ஒன்றாக வந்ததால் அவை என் மனதில் ஆல்பமாகச் சேரவே இல்லை. கம்ப்யூட்டரில் ஏழு தனித்தனிக் கோப்பாகக் கிடந்தன. எங்கள் ஊரில் ஆல்பம் என்றால் கல்யாண போட்டோ ஆல்பம். பெண் அழைப்பில் தொடங்கிப் பந்தியில் முடியும். யாரும் நடுப்பக்கத்தைப் பிய்த்துத் தனியாகக் காட்ட மாட்டார்கள். அந்தப் பொருளில் ஆல்பம் என்ற சொல் 2010-க்குப் பிறகு பொருந்தவில்லை. இன்று 'ஆல்பம் பாட்டு' என்று சொன்னால் சினிமாவில் வராத தனிப் பாட்டு என்று அர்த்தம். ஒரே ஒரு பாட்டுக்கு ஆல்பம் என்று பெயர்!

சட்டம் ஒரு பக்கம் கொஞ்சம் நல்லது செய்தது. 2012-ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, பாடல் எழுதியவரும் இசையமைத்தவரும் தங்களுக்கு வரவேண்டிய ராயல்டிப் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டுப் போக முடியாது என்று ஆனது. எச்.எம்.வி. கம்பெனி 2000-லேயே சரிகம என்று பெயர் மாறியிருந்தது. 2017-ல் அது காரவான் என்று ரேடியோ வடிவப் பெட்டி ஒன்றில் 5,000 பழைய பாட்டுகளை அடைத்து விற்றது. எங்கள் தெருவில் ரிடையரான வாத்தியார் வீடுகளில் எல்லாம் அது உண்டு. வரிசையும் அவர்களே, தேர்வும் அவர்களே. திண்டிவனம் ரெக்கார்டிங் கடைக்காரர் பெட்டிக்குள் புகுந்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன்.

தமிழில் ராக் குழு என்ற பேச்சை எடுத்தால் சினிமா குறுக்கே வந்து நிற்கும். மலையாளத்தில் 'அவியல்' குழு 2008-ல் தாய்மொழியில் ஒரு முழு ஆல்பம் போட்டு இளைஞர்களைக் கட்டிப்போட்டது. சென்னையிலோ ஸ்க்ராட், எஃப்16ஸ் போன்ற திறமையான குழுக்கள் ஆங்கிலத்தில் பாடின. எஃப்16ஸ் 2016-ல் போட்ட 'டிரிகர்புங்க்டே'யை நான் விரும்பிக் கேட்டிருக்கிறேன். ஆனால் அதை எங்கள் தெருவில் ஓடவிட முடியாது. கதவைச் சாத்திக்கொண்டு கேட்க வேண்டிய இசை. தெருவில் ஓடவிடக் கூடியது 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியது. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். பெயரை அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். எலக்ட்ரிக் கிடாருக்குப் பக்கத்தில் பறை, சட்டி, கட்ட மோளம். கானா பாடுபவர்களும் ராப் பாடுபவர்களும் ஒரே வரிசையில். அறிவும் இசைவாணியும் அந்த மேடையிலிருந்துதான் ஊருக்கெல்லாம் தெரிந்தார்கள். எச்.எம்.வி. காலத்தில் கேசட் முதலில் வரும், ஆள் பிறகு வருவார். இவர்கள் முதலில் ஆளாக வந்து நின்றார்கள். பாட்டுகள் அதன் பிறகு செல்பேசிக்குள் பரவின.

இனி என் அக்கா மகன் கதை. பெருமுக்கலில் ஒரு ராக் ஆல்பம் உருவாகி வெளியானது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அவனும் மூன்று நண்பர்களும் சேர்ந்து செய்தார்கள். ஸ்டுடியோ, என் அக்கா வீட்டுப் பின்கட்டு அறை. சுவரில் கட்டில் மெத்தையைச் சாய்த்து வைத்து எதிரொலியை அடக்கினார்கள். ஒரு மடிக்கணினி, ஒரு மைக், இரண்டையும் இணைக்கும் உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்று. அவ்வளவுதான். பகலில் குவாரி டிப்பர் லாரிகள் ஓடுவதால் பாட முடியாது. ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் பதிவு. மின்விசிறி சத்தம் விழும் என்று அதையும் நிறுத்திவிடுவார்கள். "வேர்த்து விறுவிறுத்துப் போயி உக்காந்துகிட்டு என்னதாண்டா பண்றானுங்க தம்பி" என்று அக்கா என்னைக் கேட்டாள். பறை வாசித்தவர் மட்டும் எங்கள் ஊரிலேயே இருக்கும் பெரியவர். அறைக்குள் வாசித்தால் காது பிளக்கிறது என்று மலையடிவாரத்தில் வெட்டவெளியில் வைத்துப் பதிந்தார்கள். டிரம்ஸ்காரன் பெங்களூரிலிருந்து கோப்பாக அனுப்பினான். அவன் இந்த ஊருக்கு வந்ததே இல்லை.

எனக்கு அதில் பொறாமைதான் முதலில் வந்தது. கிடாரை விற்க வேண்டாம், விநியோகஸ்தர் தயவு வேண்டாம். ஒருவன் பிசகினால் அழித்துவிட்டு முப்பதாவது முறையும் பாடலாம். அந்த முப்பதாவது முறைதான் கோளாறும்கூட. மேடையில் ஒரு தடவை கூட வாசிக்காத பாட்டுகளை அறைக்குள்ளேயே ஒட்டிப் பிழை திருத்தினார்கள். தப்பில்லாமல் இருந்தது. கேட்டுவிட்டு அதைத்தான் சொன்னேன், "தப்பே இல்லடா." அவன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

ஆறு பாட்டு, இருபத்திரண்டு நிமிடம். அட்டைப்படத்துக்கு மலைக் குகைக் கீறல்களை செல்பேசியில் எடுத்த படம். வெள்ளிக்கிழமை பிறந்த நள்ளிரவில் வெளியீடு. 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்கப் புதுப் பாட்டுக்கு வெள்ளிக்கிழமைதான் நாள் என்று இசைக் கம்பெனிகள் முடிவு செய்திருக்கின்றன. நம் ஊர் சினிமாவுக்கு அது எப்போதுமே தெரியும். பெருமுக்கலில் வெளியான அதே நாளில் டொராண்டோவிலும் வெளியானது. 1993-ல் ஓர் ஆண்டு பிடித்த வேலை.

பத்து மாதம் கழித்துக் கேட்டேன்.

"ரெண்டு பாட்டுதான் ஆயிரத்தத் தாண்டியிருக்கு மாமா. தாண்டாததுக்கு ஒண்ணும் வராது."

அவன் சொன்னது சரி. பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை 2024 முதல் எதுவும் தருவதில்லை.

"தாண்டினதுக்கு?"

"பாட்டு ஏத்திவிடறவங்களுக்கு வருஷத்துக்குக் கட்டினோமே, அந்தக் காசு இன்னும் வரல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்கு அந்தக் கீரைச் சட்டி நினைவு வந்தது. நத்தத்தனார் காலத்தில் பாடினவனுக்குப் பாடினவன் வழி காட்டினான். இந்த ஊர் வழியாகப் போ, அங்கே ஒருவன் இருக்கிறான், உனக்குப் படியளப்பான் என்று. இன்று வழி காட்டும் வேலையை எந்திரம் பார்க்கிறது. ஒரு பாட்டு முடிந்ததும், இதைக் கேட்டவர்கள் இதையும் கேட்டார்கள் என்று அடுத்த பாட்டுக்குக் கூட்டிப்போகிறது. கேட்கிறவனுக்கு வழி காட்டுகிறது. பாடுகிறவனுக்கு எந்த ஊர், எந்த வாசல் என்று அது சொல்வதில்லை.

அந்த நாலு பையன்களும் தங்கள் வாசலைத் தாங்களேதான் தேடினார்கள். சென்ற தை மாதம் பக்கத்து ஊர்க் கல்லூரி விழா ஒன்றில் முக்கால் மணி நேரம் வாசித்தார்கள். வேன் வாடகை, பிரியாணி, கையில் கொஞ்சம் பணம். ஆல்பத்துக்குப் போட்ட முதலில் பாதி அந்த ஒரு சாயங்காலத்தில் திரும்பியது. பறைக்காரப் பெரியவருக்குத்தான் முதல் பங்கு பிரித்தார்கள். மேடையில் இரண்டு இடத்தில் தாளம் தப்பியது. ஆல்பத்தைவிட அது நன்றாக இருந்தது.

பூஞ்சை பிடித்த 'கந்தீசா'வை நான் தூக்கிப் போடவில்லை. அதற்கு 2000-ல் கொடுத்த விலைதான் இந்தியன் ஓஷனுக்கு இந்த நாள்வரை நான் கொடுத்த மொத்தப் பணம். அக்கா மகனின் ஆல்பத்தையும் காசு கட்டாத கணக்கில்தான் கேட்டேன், இரண்டு பாட்டுக்கு ஒரு விளம்பரத்தோடு.